எச்சில் இலை ஊழியம்

கொஞ்சம் தள்ளி உட்காரும் தம்பி. இந்தப் பை உம்முடையதா? மடியில் வைத்துக்கொள்ளும். பைக்கும் டிக்கெட் எடுத்தீரா என்ன.

பாளையங்கோட்டைக்குத்தான் போகிறேன். பேராயரைப் பார்க்க. எங்கள் திருமண்டலத்துக்கே பெரியவர் அவர். அவர் முன்னால் வைக்க ஒரு வழக்கு இருக்கிறது. எச்சில் இலை வழக்கு.

காது சரியாகத்தான் கேட்டது உமக்கு. எச்சில் இலை.

முன்னால் பாரும். டிரைவருக்குப் பின்னால், ஜன்னலோரம், வழுக்கைத் தலை, கையில் குடை. அவன் பெயர் ஜெபத்துரை. அவனும் இதே வழக்குக்குத்தான் வருகிறான். எனக்கும் அவனுக்கும் ஆகாது. அதனால்தான் அவன் அங்கே, நான் இங்கே. ஆகாதவன் எதற்குக் கூட வருகிறான் என்று கேட்பீர். முழுதும் சொன்னால்தான் விளங்கும். உமக்கு அவசரம் இருந்தாலும் பஸ் அதன் வேகத்தில்தான் போகும். கேளும்.

என் பெயர் மாசிலாமணி. மரக்கடை மாசிலாமணி என்றால் எங்கள் பக்கத்தில் தெரியாத ஆள் கிடையாது. தேக்கு, கோங்கு, வேம்பு எல்லாம் உண்டு. அறுவை மில் தனி. ஊரில் பாதி வீட்டுக் கதவு என் மரம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமை எனக்கு ஆகாது. பெருமை இல்லாத ஆள் என்பதுதான் இங்கே பேச்சே.

அசனம் கேள்விப்பட்டிருக்கிறீரா? இல்லையா? எந்த ஊர் நீர். சரி, விடும். எங்கள் கோயிலில் வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்தோத்திரப் பண்டிகை வரும். அன்றைக்கு ஊரே கோயிலில் சாப்பிடும். ஒருவர் அரிசி தருவார், ஒருவர் ஆடு தருவார், ஒருவர் தேங்காய் தருவார். கோயிலுக்குப் பின்னால் அடுப்பு வெட்டிப் பொங்குவார்கள். பணக்காரன், ஏழை, கிழக்குத் தெரு, வடக்குத் தெரு, வழிப்போக்கன், எல்லோரும் ஒரே பாயில் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். யாரும் யாரையும் எழுப்பக் கூடாது. அதுதான் அசனம். நல்ல வழக்கம். நான் அதற்கு எதிரி இல்லை.

இதில் வேலை நிறைய. சோறு போட ஆள் வருவான். தண்ணீர் ஊற்ற ஆள் வருவான். குழம்பு வாளிக்கு அடிதடியே நடக்கும். கறித்துண்டு எந்த இலைக்குப் போகிறது என்பது அந்தக் கரண்டியில்தானே இருக்கிறது. ஆனால் பந்தி முடிந்ததும் இலை எடுக்க ஒருவனும் வரமாட்டான். குனிய வேண்டும். எலும்பு கிடக்கும். மிச்சக் குழம்பு முழங்கை வரைக்கும் ஒழுகும்.

அதை நான் எடுத்தேன்.

சட்டையைக் கழற்றி மாட்டிவிடுவேன். இடுப்பில் துண்டு. கையில் ஓலைக் கடவம், இலை அள்ளிப் போடுகிற பெரிய கூடை. பந்தியின் இந்த முனையில் குனிந்தால் அந்த முனையில்தான் நிமிர்வேன். மரக்கடை முதலாளி எச்சில் எடுக்கிறான். ஜனங்கள் பார்ப்பார்கள். "அண்ணாச்சியப் பாருவே" என்பார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. யார் யார் சொன்னார்கள் என்று கவனித்துக்கொள்வேன், அவ்வளவுதான். சொல்லாதவர்களும் உண்டு. அதையும் கவனித்துக்கொள்வேன்.

முன்பு இருந்த ஐயர் நல்ல மனுஷன். குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். "நம்ம சபையிலேயே ஒரு பெரிய மனுஷர் இருக்கார், ஊருக்கு எச்சில் இலை எடுக்கார்" என்றார். பெயர் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. தாழ்மைக்குப் பெயர் எதற்கு? ஆனால் பின் பெஞ்சில் சிலருக்கு யாரைச் சொல்கிறார் என்று விளங்கவில்லை. ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று நானே ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியதாகிவிட்டது.

எனக்குச் சாப்பாடா? ஊழியம் செய்கிறவன் பந்தியில் உட்காருவானா? கடைசி இலையும் குழிக்குப் போன பிறகு வீட்டுக்குப் போவேன். குளிப்பேன். அன்னபாக்கியம் தட்டு வைப்பாள். என் பெண்சாதி. சும்மா சொல்லக் கூடாது. அசனத்தன்று அவள் போடுகிற கறிக்குழம்பு மாதிரி மற்ற நாளில் அவளுக்கே வராது. "இன்னைக்கு மட்டும் என்னட்டி போடுத?" என்று கேட்டால் சிரிப்பாள். தின்றுவிட்டுத் தட்டிலேயே கையைக் கழுவி எழுந்துவிடுவேன். அவள் எடுத்துப் போவாள்.

சில வருஷமாக அவளுக்கு முழங்கால் முட்டு வலி. ஒரு நாள் சொல்கிறாள், "குனிய முடியல. தட்டை நீங்களே கொண்டு போட்டா என்ன?" வீடு என்றால் ஒரு ஒழுங்கு வேண்டாமா? "நான் ஊருக்கே இலை எடுக்கவன். வீட்டுலயாவது எனக்கு ஓய்வு கெடையாதா?" என்றேன். அவள் குனிந்து தட்டை எடுத்துப் போனாள். புரிந்துகொண்டாள்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜெபத்துரை வந்தான்.

பம்பாயில் கப்பல் கம்பெனி உத்தியோகம். ஓய்வு பெற்று வந்து மாடி வீடு கட்டினான். மரம் என்னிடம் வாங்கவில்லை. அதை விடும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. முதல் அசனத்தில் தண்ணீர் ஊற்றினான். ஊற்றட்டும் என்று விட்டேன். அடுத்த வருஷம் சட்டையைக் கழற்றிவிட்டு வருகிறேன், என் கடவம் அவன் கையில்.

"கொண்டா" என்றேன்.

"அண்ணாச்சி, நீங்க எம்புட்டு வருஷமா செஞ்சிட்டிய. போதும். நீங்க போய் உக்காருங்க. நான் உங்களுக்கு இளையவன்லா, நான் எடுக்கேன்."

இளையவனாம். பள்ளிக்கூடத்தில் எனக்கு மேல் வகுப்பில் படித்தவன்.

கடவத்தின் ஒரு பக்கம் நான் பிடித்தேன். மறு பக்கம் அவன் விடவில்லை. ஓலைதானே. கிழிந்தது. பந்தியில் இருந்தவர்கள் தின்பதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். கடைசியில் பாதிப் பந்தி அவனுக்கு, பாதிப் பந்தி எனக்கு என்றாயிற்று. அவன் எடுத்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். பாயெல்லாம் சோறு. இலையை மடிக்கத் தெரியாது. போதாததற்கு ஒவ்வொருவரிடமும் சிரிப்பு, "நல்லா சாப்பிட்டியளா, வயிறு நெறஞ்சுதா" என்று விசாரிப்பு. தாழ்மை என்றால் வாயை மூடிக்கொண்டு செய்ய வேண்டாமா? நான் ஒருவரிடமும் பேசமாட்டேன். முறைத்துக்கொண்டே எடுப்பேன்.

அவன் பெண்சாதி சுகிர்தம் பரவாயில்லை. இருக்கிற இடம் தெரியாது. அன்னபாக்கியத்தோடு சேர்ந்து கோயில் அடுப்படியில் நிற்பாள். இவனுக்கு எப்படி வாய்த்தாளோ.

அன்றோடு நின்றதா? இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்பு அடுக்க ஆரம்பித்தான். ஆராதனைக்கு வருகிறவர்கள் கழற்றிப் போட்ட செருப்பு. குனிந்து குனிந்து ஜோடி சேர்க்கிறான். எனக்குப் பொறுக்குமா? அடுத்த வாரம் நான் முந்திக்கொண்டேன். அவன் ஆண், பெண் என்று அடுக்கியிருந்தான். நான் சின்னது, பெரியது என்று அடுக்கினேன். நான் உள்ளே போனதும் அவன் வந்து மாற்றியிருக்கிறான். ஆராதனை முடிந்து வெளியே வந்த ஜனங்கள் செருப்பைத் தேடி வெயிலில் நின்றார்கள். டீச்சர் ஒருத்தி வெறுங்காலோடு வீட்டுக்குப் போனாள். எல்லாம் அவனால் வந்தது.

அதன் பிறகு கக்கூஸ்.

முகத்தைச் சுளிக்காதீர். கோயில் காம்பவுண்டில் இரண்டு இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவன் கழுவுகிறான் என்று கேள்விப்பட்டேன். நான் வியாழக்கிழமையே போய்விட்டேன். அடுத்த வாரம் அவன் புதன்கிழமை போய்விட்டான். ஆசிட்டை அவனும் ஊற்றினான், நானும் ஊற்றினேன். தரை பெயர்ந்துவிட்டது. அவசரத்துக்குப் போகிறவன்கூட வாசலில் எங்களில் ஒருவனைப் பார்த்தால் திரும்பிப் போய்விடுவான்.

இதில் லேயாள் என்று ஒருத்தி. வடக்குத் தெரு. கோயில் பெருக்குவது, கக்கூஸ் கழுவுவது, அசனத்துக்கு அண்டா தேய்ப்பது எல்லாம் அவள்தான். சம்பளத்துக்குச் செய்கிறவள். ஒரு நாள் என் கடைக்கு வந்து நின்றாள்.

"மொதலாளி, நீங்க ரெண்டு பேரும் சும்மாவே கழுவுதியன்னு கமிட்டியில என்னை வேலையை விட்டு நிக்கச் சொல்லிட்டாவ."

"நல்லதுதான. உனக்கும் சேத்து நாங்க ஊழியம் செய்யுதோம். நீ செத்த நேரம் உக்காரு."

"உக்காந்தா ஒலை கொதிக்குமா மொதலாளி?"

பேச்சைப் பாரும். பெரிய மனுஷன் இரண்டு பேர் அவள் வேலையைத் தலையில் எடுத்துப் போட்டுச் செய்கிறோம். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை.

அந்தச் சமயம் பார்த்துப் புது ஐயர் வந்து சேர்ந்தார். சின்ன வயது. மோட்டார் சைக்கிளில் வடக்குத் தெருவெல்லாம் சுற்றுவார். லேயாள் அவரிடம் போய் ஒப்பாரி வைத்திருக்கிறாள். எங்கள் இரண்டு பேரையும் கோயிலுக்குள் இருக்கிற அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி ஒன்றுதான் காலியாக இருந்தது. "நீங்க உக்காருங்க அண்ணாச்சி" என்றான் இவன். "நீ உக்காரு" என்றேன் நான். ஐயர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்த நாற்காலியில் அவர் பையைத் தூக்கி வைத்துவிட்டார்.

"இந்த அசனத்துல இலை யாரு எடுக்கது?" என்று கேட்டார்.

"நான்" என்றேன்.

"நான்" என்றான் இவனும்.

"அது இருக்கட்டும். நீங்க அசனச் சோறு எப்பமாவது சாப்பிட்டிருக்கியளா?"

இதென்ன கேள்வி. "ஊழியம் செய்யவன் எப்படி ஐயா சாப்பிட முடியும்? வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டுத்தான்" என்றேன். இவனும் அதையேதான் சொன்னான்.

"லேயாள் அவ்வளவு அண்டாவையும் தேச்சிட்டு வந்து பந்தியில உக்காந்து சாப்பிடுதாளே."

"அவ சாப்பிடுவா."

"அவ பக்கத்துல நீங்க?"

நான் அப்படியெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை தம்பி. வடக்குத் தெருக்காரன் தின்ற இலையை இந்தக் கையால் எடுத்தவன் நான். இதற்கு மேல் ஒருவன் என்ன செய்ய வேண்டும்? குனிந்து இலை எடுப்பது வேறு. பக்கத்தில் உட்கார்ந்து தின்பது வேறு. முன்னது ஊழியம். பின்னது என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வேறு. ஐயரிடம் இதை எப்படிச் சொல்வது? வயிறு கோளாறு, வயது, வீட்டுச் சாப்பாடு என்று ஏதோ சொன்னேன். இவன் சுகர் என்றான்.

அடுத்த ஞாயிறு ஐயர் பிரசங்க மேடையிலிருந்தே அறிவித்துவிட்டார். இந்த வருஷம் அவரவர் இலையை அவரவர் எடுக்க வேண்டும். லேயாளுக்கு வேலை திரும்பக் கொடுக்கப்படும். அசனத்தில் முதல் பந்திக்குச் சோறு போடுகிறவள் லேயாள். நானும் ஜெபத்துரையும் அந்த முதல் பந்தியில் உட்கார வேண்டும். "சபைக்கு இவ்வளவு காலம் சேவை செஞ்சவங்க, இந்த ஒரு தடவை அவங்களுக்கு நாம செய்வோம்" என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பின் பெஞ்சில் ஒருவன் இருமினான். அது இருமல் இல்லை.

யோசித்துப் பாரும். ஒருவன் தாழ்மையாக இருப்பதை இப்படித் தடுக்கலாமா?

அன்று சாயங்காலம் ஜெபத்துரை என் வீட்டுக்கு வந்தான். முதல் தடவையாக.

"அண்ணாச்சி, அவனவன் இலையை அவனவன் எடுத்தா நாம எதை எடுக்க? இப்படியே விட்டா சபையில தாழ்மைக்கே இடம் இல்லாமப் போயிரும்" என்றான்.

வாழ்க்கையில் அவன் பேசிய ஒரே நல்ல பேச்சு. காபி கொடுக்கச் சொன்னேன். வெகுநேரம் ஆலோசனை செய்தோம். உட்காரச் சொன்னார், உட்காருவோம். சாப்பிட வைக்க அவரால் முடியுமா? வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்துவிடுவோம். அவருக்கு அது பாடமாக இருக்கட்டும். காபி டம்ளரை இரண்டு பேரும் தரையிலேயே வைத்துவிட்டு எழுந்தோம். அன்னபாக்கியம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுத்துப் போனாள். போகும்போது எங்களை ஒரு பார்வை பார்த்தாள். வலி அதிகம்போல.

கண்டக்டர், இந்த ஆளை உள்ளே தள்ளி நிற்கச் சொல்லும். மேலே விழுகிறான். சரி, எங்கே விட்டேன்?

போன சனிக்கிழமை அசனம். அன்னபாக்கியம் விடிவதற்கு முன்பே கோயில் அடுப்படிக்குப் போய்விட்டாள். வருஷா வருஷம் போகிறவள்தான். வெங்காயம் உரிக்க, தேங்காய் துருவ, கறி கழுவ, உலை வைக்க. எல்லாம் முடிந்து மத்தியானத்துக்கு மேல்தான் வருவாள். பெண்கள் வேலை. அது வேலைதான். ஊழியம் என்று சொல்ல முடியாது.

முதல் பந்தி. பாயில் உட்கார்ந்தேன். சட்டை போட்டுக்கொண்டு அசனத்தில் உட்காருவது எனக்கே கூச்சமாக இருந்தது. வலப்பக்கம் ஜெபத்துரை. இடப்பக்கம் வடக்குத் தெருக்காரன் ஒருவன், பெயின்டர். என்னைப் பார்த்ததும் ஒடுங்கி நகர்ந்து இடம் விட்டான். மரியாதை தெரிந்தவன். நான் ஒன்றும் நகரச் சொல்லவில்லை. எதிர் வரிசையில் ஐயர். இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்தார்கள். ஜெபம் பண்ணினார்கள்.

லேயாள் சோற்றுப் பெட்டியோடு வந்தாள். புதுச் சேலை. அந்த முனையிலிருந்து போட்டுக்கொண்டே வருகிறாள். ஒவ்வொரு இலைக்கும் நிறைய. எனக்கு நேராக வந்து குனிந்தாள். நான் இலை மேல் கையை விரித்து வைத்தேன்.

"வயிறு சரியில்ல."

ஜெபத்துரையைப் பார்த்தாள். அவனும் கையை வைத்தான். "சுகர்."

அவள் நகரவில்லை. கரண்டியில் சோறு ஆவி பறக்கிறது. பெயின்டர் குனிந்த தலை நிமிரவில்லை. எதிரே ஐயர் எங்களையே பார்க்கிறார்.

"சோறு நான் பொங்கல மொதலாளி" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "உங்க வீட்டம்மாதான் பொங்குனாவ. நான் கரண்டி மட்டுந்தான் புடிச்சிருக்கேன்."

"வயிறு சரியில்லன்னு சொன்னேன்லா."

அவள் கரண்டிச் சோற்றைப் பெயின்டர் இலையில் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போனாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு சத்தம் போட்டிருக்கலாம்.

பிறகு குழம்பு வந்தது. பந்தி முழுக்க மணம். எங்கோ எனக்குத் தெரிந்த மணம். எங்கே என்று பிடிபடவில்லை. எல்லோரும் உறிஞ்சித் தின்கிறார்கள். பெயின்டர் எலும்பைக் கடிக்கிற சத்தம் என் காதுக்குள் கேட்கிறது. எனக்குக் காலையிலிருந்து வெறும் காபி. ஜெபத்துரை எச்சில் விழுங்குவதைப் பார்த்தேன். நானும் விழுங்கினேன்.

பந்தி முடிந்தது. ஐயர் முதலில் எழுந்து தன் இலையை மடித்து எடுத்தார். வரிசையாக எல்லோரும் எடுத்தார்கள். நாங்களும் எடுத்துத்தானே ஆக வேண்டும். குனிந்தேன். இத்தனை வருஷம் குனிந்த இடம்தான். என் இலையில் தெளித்த தண்ணீர் மட்டும் நின்றது. அதை எடுத்துக்கொண்டு குழிவரை நடந்தேன். எல்லோர் கையிலும் எலும்பும் எச்சிலும் வழிகிற இலை. என் கையில் பச்சென்று கழுவின மாதிரி ஒரு இலை. ஜனங்கள் வழிவிட்டார்கள். பார்த்தார்கள். ஒருவன்கூட அண்ணாச்சியப் பாருவே என்று சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனேன். வழக்கம்போல் குளித்தேன். வழக்கம்போல் உட்கார்ந்தேன். அன்னபாக்கியம் அப்போதுதான் வந்தாள். தூக்குவாளியை என் முன்னால் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தட்டு எங்கட்டி?"

"அடுக்களையில இருக்கு. எடுத்துக்கிடுங்க."

பசி. நானே போய் எடுத்துவந்தேன். வாளியைத் திறந்தேன். அதே மணம்.

"இது எங்க உள்ளது?"

"கோயில்ல உள்ளது."

"வீட்டுல பொங்கலையா?"

"விடியதுக்கு முன்னால இருந்து அங்க அடுப்புக்கு முன்னால நின்னேன். வீட்டுல யாரு வந்து பொங்குவா?"

அதுவும் சரிதான். ஆனால் பாரும், அதை நான் நினைத்ததே இல்லை.

"அப்ப போன வருஷம்?"

"அதுவும் கோயில்ல உள்ளதுதான்."

"அதுக்கு முந்தி?"

"என்னைக்கும் இந்த வாளிதான். லேயாள்தான் அள்ளிப் போடுவா. 'மொதலாளி குனிஞ்சு குனிஞ்சு களைச்சிருப்பாவ அம்மா, எலும்பு வேண்டாம்'ன்னு நல்ல கறியாப் பொறுக்கிப் போடுவா. இன்னைக்கும் போட்டா."

"இன்னைக்குமா?"

"இன்னைக்குந்தான். அவுகளுக்கு வயிறு சரியில்லையாமே, ரசமும் கொஞ்சம் கொண்டு போங்கம்மான்னு சொன்னா."

குனிந்து பார்த்தேன். வாளிக்குள் ஒரு கிண்ணத்தில் ரசம் இருந்தது. வேறு என்ன செய்ய? தின்றேன். நன்றாக இருந்தது. என்றைக்கும்போல.

தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தேன். அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை. தட்டு கிடந்தது. சாயங்காலம் எறும்பு மொய்த்தது. அப்போதும் அவள் எடுக்கவில்லை. கடைசியில் நானே எடுத்துக் கழுவி வைத்தேன். அடுக்களையில் ஈ காக்கை இல்லை. செய்வதைச் செய்தேன், பார்க்க ஒரு ஆள் இல்லை. அப்படிப்பட்ட ஊழியத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

இவ்வளவுதான் நடந்தது. நியாயம் யார் பக்கம் என்று நீரே சொல்லும். சொல்ல வேண்டாம், இரும். எனக்குத் தெரியும்.

பேராயரிடம் என்ன சொல்வது என்று நானும் ஜெபத்துரையும் பேசி முடிவு செய்துவிட்டோம். சபைக்கு உழைத்த இரண்டு பெரியவர்களை ஐயர் பந்தியில் உட்கார வைத்து அவமானப்படுத்திவிட்டார். அன்று முழுதும் நாங்கள் இரண்டு பேரும் பச்சைத் தண்ணீரோடு பட்டினி கிடந்தோம். இலை எடுக்கிற ஊழியத்தை எங்களுக்கே திரும்பத் தர வேண்டும். இதுதான் வழக்கு. இலை எனக்கா அவனுக்கா என்பதைப் பிறகு எங்களுக்குள் பார்த்துக்கொள்வோம்.

தூக்குவாளி விஷயத்தை அவனிடம் சொல்லிவிடாதீர். நானும் பட்டினி என்றுதான் அவனிடம் சொல்லியிருக்கிறேன். அவனும் பட்டினிதான் என்றான். கண் கலங்கிக்கூடச் சொன்னான். பாவம் என்று நினைத்தேன்.

இரும். அவன் பெண்சாதி சுகிர்தமும் அன்று விடிந்ததிலிருந்து அதே அடுப்படியில்தானே நின்றாள்? அன்னபாக்கியம் வாளியோடு தெருவில் வரும்போது கூடவே வந்தாள். அவள் கையிலும் ஒன்று இருந்தது. மூடி போட்டது. பெரியது. உட்கார்ந்த இடத்திலிருந்தே வாசல் வழியாகப் பார்த்தேனே. இப்போது உம்மிடம் சொல்லும்போதுதான் தோன்றுகிறது.

அப்படியானால் அவன் தின்றிருக்கிறான். தின்றுவிட்டு, பட்டினி கிடந்தேன் என்று பேராயர் முகத்துக்கு நேரே போய்ப் பொய் சொல்லப் போகிறான்.

நீரே சொல்லும் தம்பி. இப்படிப்பட்ட ஒருவன் கையில் சபையின் எச்சில் இலையை நம்பிக் கொடுக்க முடியுமா?